போன தூரம், வந்த தூரம்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் பகல் 12 மணிக்கு ஊட்டி போய்ச் சேரும். மதியம் 2 மணிக்கு அங்கிருந்து கிளம்பி மாலை 5.35-க்குக் கீழே வந்துவிடும். இது அட்டவணைக் கணக்கு. மண் சரிந்த நாள், யானை குறுக்கே வந்த நாள் எல்லாம் தனிக் கணக்கு. தூரம் 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு 290 நிமிடம், இறங்குவதற்கு 215 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஏறும்போது மணிக்கு 9.52 கிலோமீட்டர், இறங்கும்போது 12.84.

போய்விட்டுத் திரும்பி வந்ததில் சராசரி வேகம் என்ன என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 11.18 என்பார்கள். ஆனால் ரயில் ஓடியது மொத்தம் 92 கிலோமீட்டர், எடுத்துக்கொண்டது 505 நிமிடம். அப்படிப் போட்டால் 10.93 தான் வருகிறது. கால் கிலோமீட்டர் எங்கோ காணாமல் போயிருக்கிறது.

கால் கிலோமீட்டருக்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தவறு ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் விலக்கி வைத்தால் வெளியே வந்துவிடும். போகும்போது மணிக்கு 60, வரும்போது 20 என்று வையுங்கள். கூட்டி வகுத்தால் 40. தூரம் 60 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், போக 1 மணி, வர 3 மணி. 120 கிலோமீட்டருக்கு 4 மணி. சராசரி 30. வண்டி ஒரு மணி நேரம்தான் அறுபதில் ஓடியது, மூன்று மணி நேரம் இருபதில் ஊர்ந்தது. தூரம் இரண்டு பக்கமும் சமம், நேரம் சமம் இல்லை. சராசரி வேகம் நேரத்தின் பக்கம்தான் சாயும். மெதுவாக வந்த பாதியே நேரத்தைத் தின்றது, அதனால் விடையும் அந்தப் பக்கமே இழுபடுகிறது.

நான் கணக்கு வாத்தியார் இல்லை. லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து பில் எழுதுகிற ஆள். ஆனால் எங்கள் தொழிலே போய் வருகிற தொழில். போகும்போது லோடு, வரும்போது பெரும்பாலும் காலி. ரிட்டர்ன் லோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். "வண்டி எப்போ திரும்பும்?" என்று உருளைக்கிழங்கு மண்டிக்காரர் போனில் கேட்கும்போதெல்லாம் இதே கணக்கைத்தான் மனசுக்குள் போட வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, என் அக்கா மகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், வேறு பாடத்துக்கு நழுவுகிற நான் இதற்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்தச் சராசரிக் கணக்கில் ஒரு பிரபலமான கண்ணி இருக்கிறது. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் தன் நண்பர் ஐன்ஸ்டைனுக்கு 1930-களில் எழுதிய கடிதத்தில் அனுப்பியது. ஒரு பழைய கார் ஒரு மைல் மேடு ஏறி, ஒரு மைல் இறங்க வேண்டும். ஏறும்போது மணிக்கு 15 மைல்தான் முடிகிறது. மொத்தப் பயணத்தின் சராசரி 30 மைல் ஆக வேண்டுமானால் இறங்கும்போது எவ்வளவு வேகத்தில் வர வேண்டும்? கை தானாக 45 என்று எழுதப் பார்க்கும். ஒரு மைலை 15-இல் ஏற 4 நிமிடம். இரண்டு மைலைச் சராசரி 30-இல் முடிக்கவும் மொத்தமே 4 நிமிடம்தான். அதாவது மேலே போய்ச் சேர்ந்தபோதே நேரம் தீர்ந்துவிட்டது, இறங்குவதற்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை தனக்கும் அது தெரியவில்லை என்று ஐன்ஸ்டைனே பதில் எழுதினார்.

எழுத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். போன வேகம் அ, வந்த வேகம் ஆ, ஒரு பக்கத் தூரம் த. போன நேரம் த/அ, வந்த நேரம் த/ஆ. மொத்தத் தூரம் 2த. வகுத்தால் த அடிபட்டுப் போய், 2அஆ/(அ+ஆ) என்று நிற்கிறது. இதற்கு இசைச் சராசரி என்று பெயர். ஆ-வை எவ்வளவு பெரிதாக்கினாலும், மின்னல் வேகத்தில் திரும்பினாலும், இது 2அ-வைத் தொடாது. போகும்போது 15 என்றால் சராசரி 30-க்குக் கீழேதான். வெர்தைமர் வேண்டுமென்றேதான் அந்த எல்லைக்கோட்டின் மேல் கேள்வியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்தச் சூத்திரத்தை ஷார்ட்கட் என்று மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிரியம் இல்லை. நேரத்தை மிச்சம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருகினால் போச்சு. "முதல் 2 மணி நேரம் 40-இல் போனார், அடுத்த 2 மணி நேரம் 60-இல் போனார்" என்றால் விடை சாதாரணமாகக் கூட்டி வகுத்த 50 தான், ஏனென்றால் இங்கே சமமாக இருப்பது நேரம். சூத்திரம் மட்டும் தெரிந்தவர் 48 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். சமமாக இருப்பது தூரமா நேரமா என்று பார்க்கிற பழக்கம் இருந்தால் சூத்திரமே வேண்டாம்.

சரி, இயற்கணிதத்துக்கு வருவோம். அக்கா மகள் கொண்டுவந்த கணக்கு இது: ஒருவர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போகிறார், 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். மொத்தப் பயண நேரம் 5 மணி. அந்த ஊர் எவ்வளவு தூரம்?

"மாமா, இதுல தூரமே குடுக்கலைங்க. எப்படிப் போடறது?"

"குடுக்காததுக்குத்தான் கண்ணு ஒரு எழுத்து வெச்சுக்கறது."

அவள் உடனே எக்ஸ் என்று எழுதினாள். எது எக்ஸ் என்று எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை எரிச்சல்படுத்திய பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது: எக்ஸ் என்று ஆரம்பித்து, நாலாவது வரியில் எக்ஸ் தூரமா நேரமா என்றே மறந்து, விடை 3 வந்ததும் "3 கி.மீ." என்று அடிக்கோடு இழுப்பது. அதனால் நாங்கள் இருவரும் தூரத்துக்கு த, நேரத்துக்கு ந, வேகத்துக்கு வ என்று வைத்துக்கொண்டோம். பரீட்சையில் எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளட்டும், தாளில் முதல் வரியாக "த என்பது ஒரு பக்கத் தூரம், கிலோமீட்டரில்" என்ற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தால் போதும்.

அப்புறம் ஆறு கட்டம் போட்டோம். போனது, வந்தது என்று இரண்டு வரிசை. ஒவ்வொன்றிலும் வேகம், நேரம், தூரம். வேகக் கட்டங்கள் இரண்டும் கேள்வியிலேயே நிரம்பிவிடுகின்றன: 40, 60. மீதி நான்கும் காலி. கேள்வியில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது: மொத்தம் 5 மணி. இன்னொன்று எழுதப்படவே இல்லை, "திரும்புகிறார்" என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது: போன தூரமும் வந்த தூரமும் ஒன்று. தூரம் குடுக்கவில்லை என்று அவள் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு தூரமும் சமம் என்பதைக் குடுத்திருக்கிறார்கள், அதைத்தான் அவள் கவனிக்கவில்லை.

இந்த இரண்டு செய்திகளில் ஒன்றைக் காலிக் கட்டங்களுக்குப் பெயர் வைப்பதற்குச் செலவழிக்க வேண்டும். மற்றதைச் சமன்பாட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வகைக் கணக்கு முழுவதும் இவ்வளவுதான் என்பது என் கட்சி.

முதலில் தூரம் சமம் என்பதைப் பெயருக்குச் செலவழிப்போம். இரண்டு தூரக் கட்டத்திலும் த. அப்போது நேரக் கட்டங்களில் த/40, த/60. கையில் மிச்சம் இருப்பது 5 மணி என்ற செய்தி. த/40 + த/60 = 5. இருபக்கமும் 120-ஆல் பெருக்கினால் 3த + 2த = 600. த = 120. ஊர் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இப்போது மாற்றிச் செய்வோம். 5 மணியைப் பெயருக்குச் செலவழித்தால், போன நேரம் ந, வந்த நேரம் 5 − ந. தூரக் கட்டங்களில் 40ந, 60(5 − ந). மிச்சம் இருப்பது தூரம் சமம். 40ந = 300 − 60ந. 100ந = 300. ந = 3. தூரம் 40 × 3 = 120. பின்னமே வரவில்லை பாருங்கள். வேகம் இரண்டும் தெரிந்து, மொத்த நேரமும் தெரிந்திருந்தால், நேரத்துக்குப் பெயர் வைப்பதுதான் சுகம். கேட்டது தூரம் என்பதற்காகத் தூரத்துக்கே பெயர் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ந = 3 வந்ததும் அதையே விடையாக எழுதிவிட்டு எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரே செய்தியை இரண்டு இடத்திலும் செலவழித்தால் என்ன ஆகும்? அதையும் அவள் செய்தாள். போனது ந, வந்தது 5 − ந என்று வைத்துவிட்டு, மொத்தம் 5 என்பதால் ந + (5 − ந) = 5 என்று எழுதினாள். சுருக்கினால் 5 = 5.

"மாமா, எழுத்தே காணாமப் போயிருச்சுங்க."

அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒவ்வொரு வரியும் சரி, எங்கேயும் கூட்டல் பிழை இல்லை. 5 = 5 என்பதும் உண்மைதான். ஆனால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மை. தூரம் சமம் என்ற செய்தி இன்னும் தொடப்படாமலேயே கிடக்கிறது. எழுத்து மறைந்து 5 = 5 மாதிரியோ 0 = 0 மாதிரியோ வந்தால், எந்தச் செய்தியை இன்னும் பயன்படுத்தவில்லை என்று கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும். இதை ஒரு முறை கையால் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று நினைக்கிறேன். அவளுக்கு அன்றோடு அது சரியாகிவிட்டது.

எங்கள் டிரைவர்கள் இந்தக் கணக்கை எழுத்தே இல்லாமல் போடுவார்கள். வேகம் 40-க்கு 60, அதாவது 2-க்கு 3. தூரம் ஒன்றுதான் என்பதால் நேரம் தலைகீழாக 3-க்கு 2. ஐந்து மணியை 3, 2 என்று பிரித்தால் போக 3, வர 2. முடிந்தது. வேகமும் நேரமும் எதிர் விகிதத்தில் போகும் என்பதைப் பாடமாகப் படிக்காதவர்கள், ஆனால் வாழ்ந்து பார்த்தவர்கள். விகிதம் 2-க்கு 3 மாதிரி கையடக்கமாக இருக்கும்வரை இது எழுத்துக் கணக்கைவிட வேகம்.

ஆபீஸில் இதே கணக்கு வேறு முகத்தோடு வரும். லோடோடு போகும்போது சராசரி 30, காலியாகத் திரும்பும்போது 45 என்று வைத்துக்கொள்வோம். வண்டி மறுநாள் அதிகாலை லோடுக்கு நிற்க வேண்டும், கையில் இருப்பது 11 மணி நேரம், சரக்கு இறக்க 1 மணி நேரம் ஆகும். எவ்வளவு தூரம் வரைக்கும் லோடு ஒப்புக்கொள்ளலாம்? இறக்குகிற ஒரு மணியை முதலில் கழிக்க வேண்டும், அது ஓட்ட நேரம் இல்லை. மீதி 10 மணி. 30ந = 45(10 − ந). 75ந = 450. ந = 6. ஆக 180 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் காலை லோடுக்கு வண்டி வராது. நிற்கிற நேரத்தைக் கழிக்காமல் போட்டால் 198 வரும். அந்தப் பதினெட்டு கிலோமீட்டரை நம்பி வாக்குக் கொடுத்தால் மறுநாள் காலையில் மண்டியில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு சில்லறைத் தொந்தரவு, மணியும் நிமிடமும். 7.10-இலிருந்து 12.00 வரை எவ்வளவு என்று கேட்டால், கால்குலேட்டரில் 12 கழித்தல் 7.10 தட்டி 4.90 என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. அட்டவணையில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி இல்லை. 4 மணி 50 நிமிடம் என்பது சமன்பாட்டுக்குள் போகும்போது 29/6. நான் எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிட்டுக் கடைசியில் வருகிற வேகத்தை 60-ஆல் பெருக்குவேன்.

வேகம் தெரியாமல், வேகங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் தெரிந்தால் கணக்கு ஒரு படி ஏறுகிறது. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வந்ததும் ஆரம்பிப்பது இதுதான். அதே பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தூரம் 120. திரும்பும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் கூடுதல், அதனால் 1 மணி நேரம் மிச்சம். போன வேகம் என்ன? போன வேகம் வ. 120/வ − 120/(வ + 20) = 1. பின்னத்தை நீக்கினால் 2400 = வ(வ + 20). அதாவது வ² + 20வ − 2400 = 0. காரணிப்படுத்தினால் (வ − 40)(வ + 60) = 0. விடை 40, அல்லது −60.

இந்த −60-ஐ என்ன செய்வது? "வேகம் குறையெண்ணாக இருக்க முடியாது, எனவே அடித்துவிடு" என்று எல்லா நோட்டிலும் எழுதியிருக்கும். மதிப்பெண்ணுக்கு அது சரி. ஆனால் 60 என்பது எங்கேயோ பார்த்த முகம். திரும்பி வந்த வேகமே 60 தான். தற்செயலா? வ-வின் இடத்தில் −60 போட்டுப் பாருங்கள். போன நேரம் 120/(−60) = −2. வந்த வேகம் −60 + 20 = −40, வந்த நேரம் −3. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −2 − (−3) = 1. சமன்பாடு திருப்தி. படச்சுருளைப் பின்னாலிருந்து ஓட்டினால் எப்படி இருக்கும், அதுதான் இது: கடைசியாக வந்த 2 மணி நேரம் முதலில் வருகிறது, முதலில் போன 3 மணி நேரம் பின்னால் போகிறது, நேரம் குறைந்துகொண்டே போகிறது. நாம் சமன்பாட்டிடம் நேரம் முன்னோக்கித்தான் ஓடும் என்று சொல்லவில்லை. அதனால் இரண்டு பயணத்தையும் நேர்மையாகக் கையில் கொடுத்துவிட்டது. அடித்துவிடுவதற்கு முன் அந்த விடையை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லலாம் என்பது என் ஆசை. போன வேகத்தைக் கேட்டால், வந்த வேகத்தையும் கூடவே எழுதித் தருகிற சமன்பாடு இது.

போய் வருவதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரே வண்டியைப் போகவிட்டுத் திரும்ப அழைப்பதற்குப் பதிலாக, போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் ஒரே நேரத்தில் இரண்டு முனையிலிருந்தும் கிளப்பிவிடுவது. எங்கே சந்திக்கும்? கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபடீயத்தில், கணித பாகத்தில், இதற்கு விதி இருக்கிறது: எதிரெதிரே வந்தால் இடைவெளியை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு, ஒரே திசையில் போனால் வேறுபாட்டால் வகு. ஆரியபட்டர் கவலைப்பட்டது கோள்களைப் பற்றி, லாரியைப் பற்றி இல்லை. ஆனால் விதி ஒன்றுதான். செய்யுளில் விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார், ஏன் என்று விளக்குவதில்லை. எழுத்துவைத்து எழுதினால் ஒரு வரியில் விளங்கிவிடும்: இருவரும் ஓடிய நேரம் ஒன்று, இருவரும் ஓடிய தூரங்களின் கூட்டுத்தொகை மொத்த இடைவெளி. இங்கே சமமாக இருப்பது நேரம். போய் வருகிற கணக்கில் இருந்த தூரத்தின் இடத்தை நேரம் பிடித்துக்கொண்டது.

மலை ரயிலில் இதைப் போட்டுப் பார்ப்போம். இறங்கும் ரயிலும் காலை 7.10-க்கே ஊட்டியில் கிளம்பியது என்று கற்பனை செய்தால், 46-ஐ 22.35-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 2 மணி 3 நிமிடம். ஆக 9.13 வாக்கில் சந்திப்பு. காகிதத்தில் மட்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் நடுவழியில் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். அதோடு, ரயில் எங்கேயும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை, அதைக் கவ்விக்கொண்டு நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஏறக்குறைய 1 அடி உயரும். குன்னூரில் எஞ்சின் மாறும், அதற்கு மேல் ஏற்றம் குறைவு. 9.52 என்று நான் எழுதிய வேகத்தில் அந்த ரயில் தற்செயலாகச் சில நொடிகள் ஓடியிருக்கலாம். புத்தகக் கணக்குகளில் "சீரான வேகத்தில்" என்ற சொல் இல்லாமல் ஒரு வண்டியும் கிளம்பாததற்கு இதுதான் காரணம். ஆனால் சராசரி கேட்கும்போது அந்தச் சொல் தேவையே இல்லை. மொத்தத் தூரமும் மொத்த நேரமும் இருந்தால் போதும், நடுவில் நின்று டீ குடித்தாலும் கவலையில்லை.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆற்றுக் கணக்கு. அசையாத நீரில் படகின் வேகம் வ, நீரோட்டத்தின் வேகம் ஓ. ஓட்டத்தோடு போனால் வ + ஓ, எதிர்த்து வந்தால் வ − ஓ. போகும்போது ஆறு உதவுகிறது, வரும்போது அதே அளவுக்குத் தடுக்கிறது, ஆக இரண்டும் கழிந்து சரியாகிவிடும் என்றுதான் மனசு சொல்லும். சரியாகாது. மணிக்கு 5 கிலோமீட்டர் போகும் படகு, 3 கிலோமீட்டர் ஓட்டம், 4 கிலோமீட்டர் தூரம். ஓட்டத்தோடு 8 வேகத்தில் அரை மணி. எதிர்த்து 2 வேகத்தில் 2 மணி. மொத்தம் 150 நிமிடம். அசையாத ஏரியில் அதே 8 கிலோமீட்டரை 96 நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

ஆறு உதவியது அரை மணி நேரம்தான். தடுத்தது 2 மணி நேரம். உதவி இருக்கும்போது சீக்கிரம் போய்விடுகிறோம், அதனால் உதவியை அனுபவிக்கிற நேரம் குறைவு. எழுத்தில் மொத்த நேரம் 2தவ/(வ² − ஓ²). ஏரியில் 2த/வ. முதலாவது எப்போதும் பெரியது. ஓ வளர்ந்து வ-வை நெருங்க நெருங்கக் கீழே இருக்கும் எண் சுருங்கி, நேரம் எகிறும். இரண்டும் சமமானால் படகு திரும்பி வராது.

வானத்திலும் இதே ஆறு ஓடுகிறது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறக்குறைய 7 மணி நேரத்தில் போய்விடும், திரும்ப 8 மணி நேரம் ஆகும். விமானிகள் புத்தகக் கணக்கைவிடக் கெட்டிக்காரர்கள்: போகும்போது காற்றைத் தேடிப் போவார்கள், வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அப்போது போன வழியும் வந்த வழியும் வேறு, தூரம் சமம் என்ற நம் பிடிமானமே நழுவிவிடுகிறது.

படகை ஓட்டத்தின் குறுக்கே ஓட்டினால்? பிரம்மபுத்திரா மாதிரி அகலமான ஆறு, எதிர்க்கரை 4 கிலோமீட்டர். நேர் எதிரே போய்ச் சேர வேண்டுமானால் படகைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். 5-இல் 3 ஓட்டத்தைச் சமாளிக்கப் போய்விடும், பிதாகரஸ் கணக்கில் குறுக்கே மிஞ்சுவது 4. போக 1 மணி, வர 1 மணி. 120 நிமிடம். ஏரியில் 96, குறுக்கே 120, நெடுக 150.

குறுக்கே போவதும் நெடுக்கே போவதும் ஒரே நேரம் ஆகாது என்ற இந்த ஒரு வரியை நம்பித்தான் 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சன், மோர்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒளியைப் போய் வரவிட்டார்கள். விண்வெளி முழுக்க ஈதர் என்ற ஒன்று நிரம்பியிருக்கிறது, அதற்குள் பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, ஆகவே நமக்கு ஈதர் ஓர் ஆறு போல ஓட வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிளந்து, ஒன்றை ஒரு திசையிலும் மற்றதைச் செங்குத்தாகவும் அனுப்பி, கண்ணாடிகளில் மோதித் திரும்பி வந்ததும் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். பாதரசத்தில் மிதக்கும் கல் பலகையின் மேல் கருவி. கண்ணாடிகளுக்கு இடையே பலமுறை ஓடவிட்டு, ஒளி போகும் பாதையை 11 மீட்டராக நீட்டினார்கள்.

ஏன் போய் வரவிட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அனுப்பினால் போதாதா? ஒரு பக்கம் அனுப்பினால் இரண்டு முனையிலும் கடிகாரம் வேண்டும், இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். திரும்பி வந்தால் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. பூமியின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. போகும்போது கிடைப்பதும் வரும்போது இழப்பதும் பெரும்பாலும் கழிந்து, மிஞ்சுவது அந்தப் பங்கின் வர்க்கம் மட்டும், பத்துக் கோடியில் ஒரு பங்கு. வ² − ஓ² என்று பார்த்தோமே, அந்த வர்க்கம்தான். அவ்வளவு சின்னதையும் அவர்களால் அளக்க முடியும். இரண்டு கற்றையும் ஒன்று சேரும் இடத்தில் ஒளியும் இருளுமாகப் பட்டைகள் தெரியும், கருவியைத் திருப்பும்போது நேர வித்தியாசம் மாறினால் அவை நகரும். ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும் என்று கணக்கு சொன்னது. நகர்ந்தது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவியைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தும் அதே கதை. படகுக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஓ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது, "அப்போ அவங்களுக்கு மார்க் போச்சுங்களா மாமா?" மைக்கல்சனுக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது. துல்லியமான ஒளிக் கருவிகளுக்காகவும் அவற்றைக் கொண்டு செய்த அளவீடுகளுக்காகவும்.

கடைசியாக ஒரு கணக்கு. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஒரு படகு ஓட்டத்தோடு ஓர் ஊருக்கு 3 மணி நேரத்தில் போகிறது, எதிர்த்துத் திரும்ப 5 மணி நேரம் ஆகிறது. துடுப்பே இல்லாமல் ஒரு மரக்கட்டையை ஆற்றில் விட்டால் எத்தனை மணி நேரத்தில் அந்த ஊருக்குப் போய்ச் சேரும்? இந்த முறை தூரமும் இல்லை, வேகமும் இல்லை, இரண்டே இரண்டு நேரம்தான். அவள் கேள்வியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஆறு கட்டம் போட்டாள். தூரம் இரண்டிலும் த. நேரம் 3, 5. வேகம் வ + ஓ, வ − ஓ. ஆக வ + ஓ = த/3, வ − ஓ = த/5. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தாள். 2ஓ = 2த/15. ஓ = த/15. கட்டை போவது ஓ வேகத்தில். த-வை ஓ-வால் வகுத்தால் 15 மணி நேரம்.

"ஆனா தூரம் எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் தெரியலைங்களே மாமா?"

"தெரியாது. அந்த ஊர் 10 கிலோமீட்டரா இருந்தாலும் 15 மணி, 100 கிலோமீட்டரா இருந்தாலும் 15 மணி."

வ எவ்வளவு, ஓ எவ்வளவு என்று இன்னும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தாள். வ-வுக்கு 4த/15 வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை, வரவும் வராது. 10 போட்டுச் சரிபார்த்தாள், 30 போட்டுச் சரிபார்த்தாள், புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கிறதா என்று புரட்டினாள். இது புத்தகத்தில் இல்லாத கணக்கு என்றதும், நாளைக்கு வகுப்பில் மிஸ்ஸுக்கே போடப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.